பந்தி விசாரணையில் பிறந்த திருப்பணி

ரொறன்ரோவில் ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்லும் நம்மவர் பலர் இந்நாட்டுத் தேவாலயங்களில் ஒன்றைக் கண்டு வியந்திருப்பர். பலிபீடத்தில் குருவானவரின் அருகே இன்னொருவர் திருவுடை அணிந்து நிற்கிறார். அவருடைய தோளிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டி குறுக்காகச் செல்கிறது. நற்செய்தியை அவர் வாசிக்கிறார். திருக்கிண்ணத்தைக் கையில் ஏந்துகிறார். முடிவில் சமாதானத்தோடு சென்று வருமாறு மக்களுக்கு விடைகொடுப்பவரும் அவரே. பின்னர் வாசலில் மனைவி பிள்ளைகளோடு நின்று எல்லோரையும் நலம் விசாரிக்கிறார். 'இவர் சுவாமியாரா, சம்சாரியா?' என்று நம் பெரியவர்கள் கேட்பது இயல்பே. ஊரில் தியாக்கோன் என்றால், விரைவில் குருப்பட்டம் பெறவிருக்கும் இளைஞர் என்பதையே அவர்கள் அறிவர்.

கத்தோலிக்கர் தியாக்கோன் என்றும் திருத்தொண்டர் என்றும் இவரை அழைப்பர். பழைய தமிழ் வேதாகமம் உதவிக்காரர் என்கிறது. ஆங்கிலிக்கன் சபையார் உதவிக்குரு என்பர். எல்லாவற்றுக்கும் மூலம் பணியாளன், ஏவல் செய்பவன், உணவு பரிமாறுபவன் என்னும் பொருள்களைத் தரும் ஒரு கிரேக்கச் சொல்லாகும். நம் சைவ வாசகர்களுக்கும் இது அந்நியமான கருத்தன்று. பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம் அன்றோ! அடியாருக்கு அமுது படைத்தலும் ஆலய முற்றத்தில் உழவாரம் பிடித்தலும் வழிபாட்டின் பகுதியே என்பதை நம் மரபு நெடுங்காலமாக அறியும்.

கிறிஸ்தவ வழிபாட்டில் இத்தொண்டர் வகித்த இடம் யாது? அது ஏன் மங்கியது? எவ்வாறு மீண்டது? இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்வரலாறு சொல்வது என்ன? இவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

எருசலேமில் எழுந்த முறைப்பாடு

இவ்வரலாறு ஒரு முறைப்பாட்டில் தொடங்குகிறது. எருசலேமின் முதற் கிறிஸ்தவர்கள் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்து, நாள்தோறும் வறியோருக்கு உணவு வழங்கி வந்தனர். அச்சமூகத்தில் இரு பிரிவினர் இருந்தனர். ஒரு சாரார் உள்ளூர் மொழி பேசியோர். மறு சாரார் கிரேக்கம் பேசியோர். அவர்களுட் பலர் வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பிய குடும்பத்தினர். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கம் பேசியோர் முறையிட்டனர். மொழி வேறுபட்டதால் பந்தியில் விடுபட்டுப்போன பெண்களின் குறையே இப்பணிக்கு வித்தாயிற்று என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

அப்போஸ்தலர் அம்முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கவில்லை. நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிவு செய்யுமாறு சபையைக் கேட்டனர். முடியப்பர், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகியோர் தெரிவாகினர். எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. குறைசொன்ன மக்களிடையே இருந்தே பொறுப்பாளரைத் தெரிந்தெடுத்தனர் போலும். வேதாகமத்தின் அப்பகுதி இவர்களைத் தியாக்கோன்கள் என்று பெயரிட்டு அழைக்கவில்லை. ஆயினும் இரண்டாம் நூற்றாண்டின் இரனேயு முதலாகத் திருச்சபை மரபு அவர்களையே இப்பணியின் முன்னோடிகளாகக் கொண்டது. எழுவருள் முடியப்பர் கல்லெறியுண்டு மாண்டார். அதன்பின் எழுந்த கலாபனையில் மக்கள் ஊர்விட்டு ஊர் சிதறினர். அவ்வாறு சிதறியவர்களுள் ஒருவரான பிலிப்பு, தாம் போன சமாரியாவிலேயே பணியைத் தொடர்ந்தார்.

பெண்களும் இப்பணியில் இருந்தனர். கெங்கிரேயா ஊர்ச் சபையின் பெபேயாள் என்னும் பெண்ணைச் சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் இதே கிரேக்கச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்.

பீடமும் பந்தியும்

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமையில் வாழ்ந்த யுஸ்தீன் என்பவர் அக்கால ஞாயிறு வழிபாட்டை விவரித்துள்ளார். தலைவர் நன்றிமன்றாட்டுச் சொல்லி முடித்ததும் தியாக்கோன்கள் அப்பத்தையும் இரசத்தையும் கூடியிருந்தோருக்குப் பகிர்ந்தனர். வர இயலாதோருக்கு அவர்களின் இருப்பிடத்துக்கே கொண்டுசென்றனர். அதே வழிபாட்டில் சேர்ந்த காணிக்கை அநாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறையிலிருப்போர், ஊரில் தங்கியுள்ள அந்நியர் ஆகியோருக்குச் சென்றது. பீடத்துக்கும் பந்திக்கும் இடையே அன்று சுவர் இருக்கவில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த ஒரு சபை ஒழுக்க நூல் இதனை மேலும் விரித்துரைக்கிறது. ஒரு தியாக்கோன் காணிக்கைகளின் அருகே நிற்க வேண்டும். மற்றொருவர் வாசலில் நின்று வருவோரைக் கவனிக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்தால் அவர் எந்தச் சபையினர் என்று விசாரித்து, உரிய இடத்தில் அமர்த்த வேண்டும். மக்களுள் எவரேனும் மற்றவர்மேல் மனத்தாங்கல் கொண்டிருக்கிறாரா என்று உரத்துக் கேட்பதும் அவர் கடமை. வறியவரோ முதியவரோ வந்து இடமில்லாது நின்றால், ஆயரே தம் இருக்கையைக் கொடுத்துவிட்டுத் தரையில் அமர்ந்தாயினும் அவருக்கு இடம் அளிக்க வேண்டும் என்றும் அந்நூல் பணிக்கிறது. பெண்களின் திருமுழுக்கில் எண்ணெய் பூசவும், பிறர் செல்லத்தகாத வீடுகளில் நோயுற்ற பெண்களைப் பராமரிக்கவும் பெண் தொண்டர்களை நியமிக்குமாறு அது கூறுகிறது.

251ஆம் ஆண்டளவில் உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்று எண்ணிக்கைகளைத் தருகிறது. அந்நகரத் திருச்சபையில் 46 குருக்களும் 7 தியாக்கோன்களும் இருந்தனர். சபையால் பராமரிக்கப்பட்ட கைம்பெண்களும் வறியோரும் 1,500க்கு மேற்பட்டோர். எருசலேமின் எழுவரை நினைவூட்டும் அந்த ஏழு பேர் கையிலேயே சபையின் பண்டகசாலை இருந்தது. ஏழு ஆண்டுகளின் பின், 258 ஆகஸ்டில், அவ்வுரோமைத் தியாக்கோன்களுள் ஒருவரான லோறன்ஸ் கொல்லப்பட்டார். திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு அதிகாரிகள் கேட்டபோது, அவர் ஏழைகளைத் திரட்டி வந்து நிறுத்தினார் என்று மரபு கூறும்.

அகதியான தியாக்கோன்

நான்காம் நூற்றாண்டின் எப்பிரேமை அகதிகளாகிய நாம் சிறப்பாக நினைவில் கொள்ளலாம். அவர் நிசிபி என்னும் எல்லை நகரத்தின் தியாக்கோன். 363இல் உரோமைப் பேரரசு தோல்வியுற்று அந்நகரைப் பாரசீகருக்குக் கையளித்தது. கிறிஸ்தவ மக்கள் வெளியேற நேர்ந்தது. ஐம்பது வயதைக் கடந்திருந்த எப்பிரேமும் அகதிகளோடு அகதியாக எதேசா நகரை அடைந்தார். அவர் குருப்பட்டம் பெறவில்லை. இறுதிவரை தியாக்கோனாகவே இருந்தார். சிரிய மொழியில் நூற்றுக்கணக்கான பாடல்களை இயற்றினார். பெண்களின் பாடற்குழுக்களைப் பயிற்றுவித்தார். புலம்பெயர்ந்த ஊரில் தாய்மொழி வழிபாடு அவர் பாடல்களால் வளம்பெற்றது.

அவ்வூரைப் பஞ்சம் வாட்டியபோது, செல்வரிடமிருந்த தானியத்தைப் பெற்றுப் பங்கிடும் பொறுப்பு அவரிடமே வந்தது. அவரை எல்லோரும் நம்பினர். வீதிகளில் படுக்கைகளை இட்டு நோயுற்றோரைப் பராமரித்தார். அப்பணி முடிந்த சில காலத்தில், 373இல், இறந்தார். பாடலும் பங்கீடும் ஒரே கையில் இருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இலங்கையில் ஒரு தியாக்கோன்

நமது தாயகத்துக்கும் இப்பணி பழைமையானதே. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மஸ் என்னும் வணிகர், இலங்கைத்தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோவில் உண்டு என்றும், பாரசீகத்திலிருந்து நியமனம் பெற்ற ஒரு குருவும் ஒரு தியாக்கோனும் முழுமையான வழிபாட்டு முறையும் அங்கு உண்டு என்றும் எழுதினார். அநுராதபுர அகழ்வில் 1912இல் கிடைத்த கற்சிலுவையை அச்சமூகத்தோடு அறிஞர் பலர் தொடர்புபடுத்துவர். இலங்கையில் நாம் அறியும் முதற் கிறிஸ்தவ சபையே வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் சபைதான். அங்கும் ஒரு தொண்டர் இருந்தார்.

கேரளத்தில் தோமையார் கிறிஸ்தவர்களிடையே இப்பணி வேறு உருவம் கொண்டது. அவர்களின் ஆயர்கள் மேற்காசியாவிலிருந்து கடல் கடந்து வந்தனர். மக்களின் மொழி அறியாதவர்கள். எனவே உள்ளூரவரான தலைமைத் தியாக்கோனே சமூகத்தை நடத்தினார். 1653 ஜனவரியில் மட்டாஞ்சேரியில் போர்த்துக்கேயரின் சமய அதிகாரத்தை மறுத்துச் சிலுவையடியில் சத்தியம் செய்த மக்களுக்குத் தலைமை தாங்கியவரும் அப்பதவி வகித்த தோமாவே.

குரலுக்கு மதிப்பு, பணிக்கு மறதி

ஆயினும் மேற்குலகில் இப்பணி படிப்படியாகத் தேய்ந்தது. ஆயருக்கு நெருக்கமாகவும் பணப்பெட்டிக்குப் பொறுப்பாகவும் இருந்தமையால் தியாக்கோன்களுக்குச் செருக்கும் வந்தது. 325இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம், அவர்கள் குருக்களுக்கு நற்கருணை வழங்குவதையும் குருக்களிடையே அமர்வதையும் தடைசெய்தது. 595இல் உரோமையில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் கூட்டிய சங்கம் இன்னொரு சீர்கேட்டைக் கண்டது. இனிய குரல் உள்ளவர்களே தியாக்கோன்களாகத் தெரிவாகினர், அவர்கள் பாடினர், போதனையும் ஏழைகளின் பராமரிப்பும் மறக்கப்பட்டன. நற்செய்தி வாசிப்பைத் தவிர ஏனைய பாடல்களை மற்றவர்களிடம் விடுமாறு அச்சங்கம் பணித்தது.

இந்தத் தீர்ப்பில் ஆழ்ந்த உண்மை ஒன்றுண்டு. பந்தியை மறந்த தொண்டருக்குப் பீடத்திலும் நெடுங்காலம் இடம் நிலைப்பதில்லை. மடங்களும் மருத்துவ இல்லங்களும் ஏழைகளின் பராமரிப்பை ஏற்றன. பங்குகளைக் குருக்கள் நடத்தினர். தியாக்கோன் பட்டம் குருத்துவத்துக்குப் போகும் வழியில் ஒரு படிக்கல்லாக மட்டும் எஞ்சியது. பாஸ்காத் திருவிழிப்பில் ஒளியைப் புகழ்ந்து பாடும் உரிமை போன்ற சில சின்னங்களே மிஞ்சின. கிழக்குத் திருச்சபைகளில் மாத்திரம் மன்றாட்டுகளை முன்னின்று சொல்லும் தொண்டர் தொடர்ந்து இருந்து வந்தார்.

மூப்பரும் அண்ணாவியாரும்

போர்த்துக்கேயர் இலங்கைக்குக் கொண்டுவந்த கத்தோலிக்கமும் குருவையே மையமாகக் கொண்டது. அக்குருவே இல்லாது போனால் என்ன ஆகும் என்ற சோதனை நம் முன்னோருக்கு வந்தது. 1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசையின்றிக் கழிந்தன. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைக் காப்பாற்ற அதனைச் சுமந்துகொண்டு காட்டு வழியே நடந்தன என்றும், பின்னர் அச்சுரூபம் மருதமடுவில் நிலைபெற்றது என்றும் மடுத் திருத்தல மரபு கூறுகிறது. 1990களில் நம்மவரின் பெரும் அகதி முகாமாக விளங்கிய மடு, தொடக்கத்திலேயே அகதிகள் அமைத்த கோவில்தான்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார், கூலியாள் கோலத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, யார் கத்தோலிக்கர் என்று அறிந்தாராம். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துப் பேணினர். 1689 நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் நடத்திய வேட்டையில் கத்தோலிக்கர் பலர் கைதாகினர்; அடிகளார் அதன்பின் தெற்கு நோக்கிச் சென்றார்.

தனி ஒருவராக ஒரு தீவு முழுவதையும் பராமரிக்க இயலாது என்பதை உணர்ந்த அடிகளார், ஊர் தோறும் பொறுப்பாளரை நிறுவினார். மூப்பர் கோவிலுக்கும் மக்களுக்கும் பொறுப்பானவர். அண்ணாவியார் செபமும் ஞான உபதேசமும் சொல்லிக் கொடுப்பவர். ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபம் நடத்துதல், ஆபத்து வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்களித்தல், மரணப்படுக்கையில் இருப்போரின் அருகிருந்து செபித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல், குரு வரும்போது யாருக்கு என்ன தேவை என்று அறிவித்தல் ஆகியன அவர்கள் கையில் இருந்தன. 1705இல் இலங்கை வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இத்தகையோர் வாசிக்கத் தமிழில் நூல்கள் செய்தார். தவக்காலத்தில் நம் ஊர்க் கோவில்களில் இராகத்தோடு ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே.

மூப்பரும் அண்ணாவியாரும் திருநிலை பெற்றவர்கள் அல்லர். அவர்கள் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்கவுமில்லை. எனினும் யுஸ்தீன் விவரித்த தொண்டரின் பணியை அவர்கள் செய்தனர் என்றே நாம் கூறுவோம். வழிபாட்டையும் அயலவரின் வாழ்வையும் அவர்கள் ஒருங்கே தாங்கினர். 1806இல் பிரித்தானிய ஆட்சி கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கும்வரை ஈழத்துக் கத்தோலிக்கம் அழியாதிருந்தமைக்கு இப்பெயரறியா மனிதரும் காரணர்.

ஒல்லாந்தரைப் பற்றியும் நீதியாக ஒன்று சொல்ல வேண்டும். அவர்களின் சீர்திருத்த சபையில் தியாக்கோன் பதவி ஏழைகளுக்கான பதவியாகவே மீட்கப்பட்டிருந்தது. சபையின் ஏழைகள் நிதியையும் அநாதைகளின் பராமரிப்பையும் கவனித்தவர்கள் அத்தியாக்கோன்களே. ஒரு கையால் அயலவனின் வழிபாட்டைத் தடுத்தோர், மறு கையால் தம் சபை ஏழைக்கு அப்பம் கொடுத்தனர். வரலாறு நமக்கு வசதியாக எழுதப்படுவதில்லை.

பிற்காலத்தில் புரட்டஸ்தாந்து சபைகளிலும் நம்மவர் இப்பணியினூடாகவே உயர்ந்தனர். தஞ்சையில் வளர்ந்து, 1801இலிருந்து யாழ்ப்பாணத்தில் உழைத்த உபதேசியார் கிறிஸ்டியன் டேவிட், 1824இல் கல்கத்தாவில் ஆயர் ஹீபரிடம் திருநிலை பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பேறு பெற்ற முதல் ஆசியர்களுள் அவர் ஒருவர்.

வதைமுகாமில் முளைத்த எண்ணம்

கத்தோலிக்க சபையில் நிலையான தியாக்கோன் பணி மீண்ட கதை, சிறைக்கம்பிகளுக்குள் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது டாக்கவ் வதைமுகாமில் நாசிகள் பெருந்தொகையான குருக்களை அடைத்து வைத்தனர். அங்கிருந்த ஒட்டோ பீஸ், வில்லெம் ஷமோனி முதலிய ஜெர்மன் குருக்கள், போருக்குப் பின் திருச்சபை மக்களை எவ்வாறு சென்றடையும் என்று தமக்குள் விவாதித்தனர். குடும்பமும் தொழிலும் உள்ள மனிதரைத் தியாக்கோன்களாக்கலாம் என்ற எண்ணம் அவ்விவாதத்தில் உரம்பெற்றது. போரின் பின் எழுத்து வடிவிலும் வெளிவந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அதனை ஏற்றது. 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் விதிமுறைகளை வகுத்தார். மணமானவர் 35 வயதை அடைந்திருக்க வேண்டும்; மனைவியின் சம்மதம் வேண்டும். ரொறன்ரோ உயர்மறைமாவட்டம் 1970களிலேயே இத்தகையோரைத் திருநிலைப்படுத்தத் தொடங்கியது. நம்மவர் கண்டு வியக்கும் 'சம்சாரித் தொண்டர்' இவ்வாறு வந்தவரே.

பெண்களின் நிலை சபைக்குச் சபை வேறுபடுகிறது. கனடிய ஆங்கிலிக்கன் சபை 1969இல் பெண்களுக்குத் தியாக்கோன் பணியைத் திறந்தது. கத்தோலிக்க சபையில் 2016இலும் 2020இலும் பாப்பரசர் பிரான்சிஸ் ஆய்வுக்குழுக்களை அமைத்தார். ஆயினும் அத்திருநிலை பெண்களுக்கு வழங்கப்படவில்லை. பெபேயாளின் பெயர் மட்டும் வேதாகமத்தில் அழியாதிருக்கிறது.

பார்க்டேலில் நமது கடமை

பார்க்டேலுக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிங் வீதி மேற்கில் உள்ள திருக்குடும்ப ஆலயம் 1997இல் தீக்கிரையாகி, 2001இல் மீண்டும் எழுந்து நின்றது. அதனை நடத்துவோர் புனித பிலிப்பு நேரியாரின் செபக்கூடச் சபைக் குருக்கள். 1685இல் கோவாவில் அதே நேரியாரின் முறைமையைத் தழுவிய சபையில் சேர்ந்தவரே நம் யோசப் வாஸ் அடிகளார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸும் கொழும்பில் முறையே முத்திப்பேறு பெற்றவராகவும் புனிதராகவும் அறிவித்தவர் அவரே. சில்லாலையின் விருந்தினருடைய துறவற உறவினர் பார்க்டேலில் நமக்கு அயலவராக இருக்கின்றனர்.

நம்மவர் இந்நகரில் இறங்கிய காலத்தில் ஜேம்சன் அவெனியூவின் மாடிக் குடியிருப்புகள் பலருக்கு முதல் முகவரியாயின. குளிராடை தந்தவர்களும், படிவங்களை நிரப்பித் தந்தவர்களும், வழிபாட்டில் பக்கத்து இருக்கையைக் காட்டியவர்களும் அன்று இருந்தனர். இன்று நம் குடும்பங்களுட் பல ஸ்காபரோவுக்கும் அதற்கப்பாலும் போய்விட்டன. திபெத்தியரும் உரோமா மக்களும் ஆபிரிக்க நாட்டவரும் அதே வாசல்களில் வந்து நிற்கின்றனர். 2023 கோடையில் தஞ்சம் கோரிய ஆபிரிக்கர் பலர் ரொறன்ரோ நகர மையத்தின் பீற்றர் வீதி நடைபாதையில் படுத்துறங்கினர். அவர்களைத் தம் கூடங்களில் ஏற்றுக்கொண்டவை பெரும்பாலும் கறுப்பின மக்களின் தேவாலயங்களே. வாசலில் நிற்கும் தொண்டரின் பணி அன்று செவ்வனே நிறைவேறியது.

நமது வழிபாடுகளிலும் விடுபட்டுப்போவோர் உளர். ஆங்கிலப் பூசை விளங்காத தாய்மார், தமிழ்ப் பூசை விளங்காத பேரப்பிள்ளைகள், பனிக்காலத்தில் ஏழாம் மாடியைவிட்டு இறங்க முடியாத முதியோர், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு எவர் முகத்தையும் நோக்க நாணுவோர் எனப் பலரைச் சொல்லலாம். இவர்களைத் தேடிச் செல்ல எல்லோரும் பட்டம் பெற வேண்டியதில்லை; மூப்பரும் அண்ணாவியாரும் பெறவில்லை. சைவக் கோவிலாயினும் தேவாலயமாயினும், பூசை முடிந்ததும் யார் வரவில்லை என்று விசாரிப்பவர் ஒருவர் வேண்டும். எருசலேமில் எழுவர் போதியவராயினர். நம் ஒவ்வொரு மாடிக் குடியிருப்பிலும் ஒருவர் முன்வந்தால், பந்தியில் எவரும் விடுபடமாட்டார்.